எதெல்மிராவின் கிளட்ச்

பால்சார்,
11 மே 2003

ஒவிதியோவுக்கு,

இரண்டு வருஷமாகப் பேசாத அக்காவிடமிருந்து கடிதம் வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பாய். யாரும் சாகவில்லை. சாகக் கிடப்பது நம் தண்டவாளப் பலகை வண்டியைத் தள்ளும் மோட்டார் சைக்கிள்தான்.

மேல் ஸ்டேஷனில் டெலிபோன் இருப்பது எனக்கும் தெரியும். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீயும் நானும் கத்த ஆரம்பித்துவிடுவோம். வரிசையில் நிற்கிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்காகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

வண்டி ஏற்றத்தில் இழுக்க மாட்டேன் என்கிறது. இறக்கத்தில் ஒரு குறையும் இல்லை. எட்டுப் பேரைப் பலகையில் உட்கார வைத்துக்கொண்டு மேல் ஸ்டேஷனுக்குக் கிளம்பினால், சின்னப் பாலம் தாண்டியதும் இன்ஜின் அலறுகிறது, வண்டி தண்டவாளத்தில் ஊர்கிறது. இதுவரை மூன்று தடவை ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவை பலகையில் இருந்தவர் டீச்சர் பெத்ரோனா. வெள்ளைச் செருப்போடு ஜல்லியில் இறங்கித் தள்ளினார். அன்றிலிருந்து ஊர் வாய்க்கு நான்தான் அவல்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் சங்கம் கூடியது. தலைவர் எவெலியோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் தொப்பியைக் கழற்றினால் நல்லது நடக்காது, உனக்கே தெரியும். "இங்க பாரும்மா, ரோடு இல்லாத ஊரு. பதினோரு வண்டி, வரிசையா ஓட்ட பதினோரு முறை. உன்னுது நடுவுல நின்னா பின்னாடி வர்ற அத்தனையும் நிக்குது. கார்மென் மாதா திருவிழா அன்னிக்கு எல்லா வண்டியும் முழு பாரத்தோட மேல ஏறும். உன்னுது நிக்காம ஏறிட்டா முறை உன்னோடது. நின்னுட்டா வேற ஆளுக்குப் போயிரும்" என்றார். மற்ற ஒன்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்பிள்ளை ஓட்டும் ஒரே வண்டி நிற்பதற்காகவே இரண்டு வருஷம் காத்திருந்தவர்கள் அவர்கள்.

திருவிழா ஜூலை 16. முறை போய்விட்டால் எனக்குச் சோற்றுக்கு வேறு வழி இல்லை. இந்த இன்ஜினைப் பிரித்து மாட்டியவன் நீ ஒருவன்தான். என்ன செய்ய வேண்டும் என்று எழுது. மற்றதை எழுத வேண்டாம். அப்பா முறையை யாருக்குக் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பதெல்லாம் பேசி முடிந்த கதை.

எதெல்மிரா


பல்மிரா,
19 மே 2003

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறை முதலாளிக்கு வாசித்துக் காட்டினேன். தண்டவாளத்தின் மேல் மரப்பலகை, பலகைக்கு அடியில் நான்கு இரும்பு உருளை, ஓரத்தில் பூட்டிய மோட்டார் சைக்கிள், அதன் பின்சக்கரம் தண்டவாளத்தில் உருண்டு எட்டுப் பேரைத் தள்ளும் என்று சொன்னால் மனுஷன் நம்பவே இல்லை. முன்சக்கரம் என்ன செய்யும் என்று கேட்டார். பலகை மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை என்றேன். "அப்ப அது மோட்டார் சைக்கிள் இல்லப்பா, கட்டிப்போட்ட கழுதை" என்றார்.

கழுதைக்கு என்ன நோய் என்று முதலில் தெரிய வேண்டும். நம் ஊரில் வாரத்தில் ஐந்து நாள் மழை. ஈரத் தண்டவாளத்தில் டயர் சுற்றினாலும் இன்ஜின் இப்படித்தான் அலறும். டயரின் ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடு. ஏற்றத்தில் இன்ஜின் அலறும்போது யாரையாவது குனிந்து பார்க்கச் சொல். கோடு கண்ணுக்குத் தெரியாமல் சுற்றினால் டயர் வழுக்குகிறது, மணல் தூவினால் போதும். கோடு மெதுவாகவே வந்து வந்து போனால் வழுக்குவது கிளட்ச்.

இன்னொரு சோதனையும் உண்டு. உருளைகளுக்குக் கல் வைத்து, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு, மூன்றாம் கியரில் கிளட்சை விடு. இன்ஜின் பொட்டென்று அணைந்தால் கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். அணையாமல் உறுமினால் பிடிப்பு இல்லை.

பிடிப்பு இல்லையென்றால் உடனே இன்ஜினைத் திறக்காதே. கிளட்ச் லீவரைத் தொட்டுப் பார். நுனி ஒரு விரல்கனம் சும்மா ஆட வேண்டும். ஆடாமல் விறைப்பாக இருந்தால் கேபிள் இறுகியிருக்கிறது, உள்ளே தகடுகள் முழுதாக ஒட்டவில்லை. கேபிளைத் தளர்த்து. என்ன ஆயில் ஊற்றுகிறாய் என்றும் எழுது. கார், லாரி ஆயிலில் வழவழப்புக்கு ஏதோ சேர்க்கிறார்கள். நம் கிளட்ச் அதிலேயே முங்கிக் கிடப்பது, அது ஆகாது.

மற்றதை எழுத வேண்டாம் என்கிறாய். சரி. ஆனால் பேசி முடிந்த கதை என்கிறாயே, சங்கத்தில் அன்றைக்குப் பேசியது நீ மட்டும்தான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஒவிதியோ


பால்சார்,
27 மே 2003

ஒவிதியோவுக்கு,

கோடு மெதுவாகத்தான் வந்து வந்து போனது. குனிந்து பார்த்தவர் பெத்ரோனா டீச்சர். தள்ளுவதைவிட இது பரவாயில்லை என்று அவரே முன்வந்தார். மூன்றாம் கியரில் கல் வைத்துக் கிளட்சை விட்டேன். அணையவில்லை, உறுமியது. கருகல் வாடை வேறு.

லீவர் ஆடவே இல்லை. தளர்த்தினேன். ஆயில், மேல் ஸ்டேஷனில் லாரிக்காரர் ஒருவர் அன்பாகக் கொடுத்தது. அவர் அன்பை வடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஆயில் ஊற்றினேன். மூன்று நாள் வண்டி பழையபடி ஏறியது. நான்காம் நாள் பாலத்தைத் தாண்டியதும் மறுபடி அலறல். தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தி லீவரைப் பார்க்கிறேன், விரல்கனம் சரியாக ஆடுகிறது. பிறகு ஏன் வழுக்குகிறது?

இந்தக் கடிதத்தில் கோபப்படக் கூடாது என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன். கேட்டுக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா படுக்கையில் கிடந்த நான்கு வருஷம் எங்கே நின்றாய்? அவரைக் குளிப்பாட்டியது, துணி மாற்றியது, ஊட்டியது எல்லாம் நான். நீ இன்ஜின்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். அப்பா சொன்னதைத்தான் நான் சங்கத்தில் சொன்னேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?

எதெல்மிரா


பல்மிரா,
3 ஜூன் 2003

அக்காவுக்கு,

அடுத்து மூடியைத் திறக்க வேண்டியதுதான். ஆயிலை வடித்துவிட்டு, வலது பக்க மூடியின் போல்ட்டுகளைக் கழற்றும்போதே ஓர் அட்டையில் மூடியின் படம் வரைந்து, எந்தப் போல்ட் எந்த ஓட்டையோ அங்கேயே குத்தி வை. நீளம் மாறினால் மாட்டும்போது அழுவாய். உள்ளே நான்கு ஸ்பிரிங். நான்கையும் மேஜை மேல் நிற்க வைத்துப் பார், ஒன்று குள்ளமாக இருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பிறகு தகடுகள், ஒன்றுவிட்டு ஒன்று இரும்பும், பிடிப்புக்குக் கட்டை ஒட்டியதும். இரும்புத் தகடு நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. கட்டைத் தகடு பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் அதற்கு இனி உயிரில்லை.

எப்படியும் உயிரிருக்காது என்று நினைத்துப் புதுத் தகடுகளை இந்த பஸ்ஸிலேயே அனுப்புகிறேன். மாட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறப் போடு. காய்ந்த தகட்டை மாட்டினால் முதல் ஏற்றத்திலேயே எரிந்துபோகும்.

நான்கு வருஷம் எங்கே நின்றாய் என்று கேட்டாய். கேட்க வேண்டியதுதான். அப்பாவின் உடம்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இன்ஜின் என்றால் எங்கே கெட்டது என்று கண்டுபிடித்துவிடுவேன். அவரிடம் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. வண்டி மக்கர் செய்யும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிட்டார். முறையைக் கொடுக்கும்போது என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நான் புவேனவெந்துராவில் அவர் வண்டிக்கு உருளை வாங்கிக்கொண்டிருந்த அன்றைக்கே உனக்குக் கொடுத்துவிட்டார். அப்பா செத்து ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த காலையில் நான் கிளம்பியது உன்மேல் கோபத்தால் இல்லை. அப்பா நம்பாத மகன் அந்த ஊரில் எதற்கு என்றுதான்.

ஒவிதியோ


பால்சார்,
24 ஜூன் 2003

ஒவிதியோவுக்கு,

தகடுகள் வந்தன. மூடியைத் திறந்தேன். போல்ட்டுகளை அட்டையில் குத்தினேன். ஸ்பிரிங் நான்கும் ஒரே உயரம். பழைய தகடுகள் நீ சொன்னபடியே வெந்து நீலமாகிக் கிடந்தன. புதுசை ஊறப் போட்டு மாட்டினேன். தனியாக, இரண்டு நாள், நகம் உடைந்து. முதல் ஏற்றத்தில் வண்டி குதித்துக்கொண்டு ஏறியபோது உன்னை நினைத்துக் கண் கலங்கியது. அந்த முட்டாள்தனத்தையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாம் நாள் மறுபடி வழுக்கியது. புதுத் தகடு, ஒன்பது நாள்.

அன்றைக்குத்தான் எவெலியோவின் மனைவி மீன் கழுவுகிற இடத்தில் என்னிடம் வந்தாள். "எதெல்மிரா, ஒனக்குத் தெரியாதா? நீ தோத்தா முறை ஒன் தம்பிக்குத்தான். ஏப்ரல்லயே அவனுக்குக் கடுதாசி போட்டாச்சே" என்றாள். நான் முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் விழுந்தால் லாபம் உனக்கு. அப்படிப்பட்டவனிடம் போய் மருந்து கேட்டிருக்கிறேன். லீவரைத் தளர்த்து, ஆயிலை மாற்று, இன்ஜினைப் பிரி என்று ஜூலை வரைக்கும் நாளைக் கடத்தியிருக்கிறாய். அனுப்பியது புதுத் தகடுதானா, எந்தக் குப்பையில் பொறுக்கியதோ.

உன் கடிதங்கள் எப்படி வருகின்றன என்று யோசித்தாயா? பஸ்காரர் மேல் ஸ்டேஷனில் கொடுப்பதை, ஊராரின் மருந்து, ரொட்டியோடு ஒரே பையில் போட்டு, கிளட்ச் லீவரில் மாட்டிக்கொண்டு நான்தான் கொண்டுவருகிறேன். மேலே போகும்போது அதே பையில் மீனும் சோந்தாதுரோப் பழமும் போகின்றன. அந்தப் பை ஒருநாளும் வெறுமனே தொங்கியதில்லை. உன் பொய்யையும் அதில் போட்டு நானே சுமந்திருக்கிறேன்.

இனி எழுதாதே.

எதெல்மிரா


பல்மிரா,
30 ஜூன் 2003

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியாது, இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. திட்டுவதற்கு முன் இந்த ஒரு பத்தியை வாசித்துவிடு.

கிளட்ச் லீவரிலா பையை மாட்டுகிறாய்? அக்கா, அந்தப் பை நான்கு கிலோவாவது இருக்கும். ஏற்றம் முழுக்க நான்கு கிலோ உன் லீவரைக் கீழே இழுத்துக்கொண்டே வருகிறது. நீ தொடாமலே கிளட்ச் பாதி பிடிப்பு விட்டுக்கிடக்கிறது. எத்தனை புதுத் தகடு போட்டாலும் ஒன்பது நாளில் வேகத்தான் செய்யும். சாயங்காலம் பையை வீட்டுக்குள் எடுத்துப் போன பிறகு லீவரைப் பார்க்கிறாய், அது ஒழுங்காக ஆடுகிறது. அதனால்தான் உனக்கும் பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை. ரோட்டில் ஓட்டுகிற ஒருவனுக்கும் இந்த நோய் வராது, ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டியவன் அதில் பையை மாட்ட மாட்டான். நம் ஊரில் எல்லோரும் மாட்டுகிறோம், ஆனால் வலது பக்கம். முன்சக்கரம் உருளாததால் அங்கே இருக்கிற முன் பிரேக் லீவர் வெறும் கொக்கிதான். முதலாளியிடம் சொன்னேன். ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தார்.

புதுத் தகடுகளைத் தூக்கிப் போடாதே. ஒன்பது நாள்தானே, மேல்பூச்சு மட்டும்தான் பளபளத்திருக்கும். தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, ஒவ்வொரு தகட்டையும் வட்டமாக, அழுத்தாமல் தேய். பளபளப்பு போனதும் நிறுத்து. பெட்ரோலில் கழுவி, மறுபடி ஊறப் போட்டு மாட்டு. பையை யார் மடியிலாவது கொடு.

இப்போது மற்றது. எவெலியோவின் கடிதம் ஏப்ரலில் வந்தது உண்மை. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததும் உண்மை. பதில் போடவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். திங்கட்கிழமை உனக்கு மருந்து எழுதுவேன், செவ்வாய்க்கிழமை அது பலிக்காமல் போனால் என்ன என்று நினைப்பேன். ஆனால் ஒரு தடவைகூடத் தப்பாக எழுதவில்லை. அனுப்பியது புதுத் தகடுதான்.

இன்றைக்கு எவெலியோவுக்குப் பதில் போட்டுவிட்டேன்.

ஒவிதியோ


பால்சார்,
18 ஜூலை 2003

தம்பி ஒவிதியோவுக்கு,

ஏறிவிட்டது.

இந்த வருஷம்தான் பையை இடது பக்கம் மாற்றினேன். வலது பக்கம் தொங்கினால் ஆக்ஸிலேட்டர் பிடிக்கிற கையில் இடிக்கிறது என்று. என் புத்தியை எதால் அடிப்பது? நீ எழுதியபடியே தேய்த்து, கழுவி, ஊற வைத்து மாட்டினேன். பத்து நாள் ஒரு வாடை இல்லை, ஓர் அலறல் இல்லை. திருவிழா அன்று எவெலியோ தன் கையாலேயே கனமான எட்டுப் பேரைப் பொறுக்கி ஏற்றினார். ரொட்டிக்கடை அண்ணன் தம்பி இரண்டு பேரும், பெரிய மேளத்தோடு மேளக்காரரும் அதில் உண்டு. மழை பெய்தது. பெத்ரோனா டீச்சர் கேட்காமலே வந்து முன்னால் உட்கார்ந்து தண்டவாளத்தில் மணலைத் தூவிக்கொண்டே வந்தார். பாலம் தாண்டியதும் இன்ஜின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தேன். வண்டி நிற்கவில்லை. மேல் ஸ்டேஷனில் பாதிரியார் தண்ணீர் தெளித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு எவெலியோ எல்லோரையும் கூப்பிட்டு உன் கடிதத்தை வாசித்தார். வண்டி நின்றாலும் ஏறினாலும் வாசிக்கச் சொல்லியிருந்தாயாம். முறை என் அக்காவுடையது, எனக்கு வேண்டாம், வண்டி நின்றால் அது ஓட்டியவள் குற்றமில்லை, தூரத்தில் உட்கார்ந்து வைத்தியம் சொன்ன என் குற்றம் என்று எழுதியிருந்தாய். கடைசி வரி, அப்பா சரியான ஆளிடம்தான் கொடுத்தார் என்று.

அந்த வரியை என்னால் தாங்க முடியவில்லை. ஒவிதியோ, அப்பா எனக்குக் கொடுக்கவில்லை.

நீ உருளை வாங்கப் போயிருந்த அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "முறைய ரெண்டு பேரும் பிரிச்சுக்கோங்க. பாதி வாரம் நீ, பாதி வாரம் அவன். வண்டிய ஒவிதியோதான் பாத்துக்குவான்." உன் பெயரைச் சொன்னார். உன் பெயரைத்தான் கடைசியாகச் சொன்னார். நான் பாதியைச் சங்கத்தில் சொன்னேன், பாதியை விழுங்கிவிட்டேன். நான்கு வருஷம் பார்த்துக்கொண்டவள் நான், எனக்கு முழுசும் வேண்டும் என்று தோன்றியது. அப்போது அது நியாயமாகவே பட்டது. நீ அப்பா நம்பாத மகன் என்று எழுதியபோதுகூட, அதைப் படித்துவிட்டு, கிளட்சைப் பற்றி எழுதினேன், உன்னைத் திட்டினேன், அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

நேற்று சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "இத ரெண்டு வருஷம் கழிச்சா சொல்ற?" என்று மட்டும் எவெலியோ கேட்டார். வியாழன், வெள்ளி, சனி உன் முறை என்று எழுதிக்கொண்டார்கள். ஞாயிறு மாற்றி மாற்றி. நீ வரும்வரை அந்த மூன்று நாளும் வண்டி நிற்கும். இன்று வெள்ளி, நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ வராவிட்டாலும் தொட மாட்டேன்.

மன்னித்துக்கொள் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் அக்கா


பல்மிரா,
26 ஜூலை 2003

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். அதன்பிறகு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளர் வண்டியில் ஆயில் ஊற்றாமலே மூடியைப் பூட்டிவிட்டேன், முதலாளி பார்த்துத் தடுத்தார்.

கோபம் போகவில்லை, போய்விட்டது என்று எழுத மாட்டேன். முறைக்காக இல்லை, முறையை நானேதான் வேண்டாம் என்றேன். இரண்டு வருஷம் அப்பாவை வைதுகொண்டிருந்தேனே, அதற்காக. இரண்டு நவம்பர் கல்லறைத் திருநாள் வந்து போனது, அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. என்னை நம்பாதவருக்கு நான் ஏன் ஏற்ற வேண்டும் என்று இங்கே உட்கார்ந்து பீர் குடித்தேன். அதை நீ எனக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பாய்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டாம், கிடையாது என்று தெரியும்.

முதலாளியிடம் கணக்கு முடித்துக்கொண்டேன். கட்டிப்போட்ட கழுதையை ஒருநாள் வந்து பார்ப்பாராம்.

வருகிற புதன்கிழமை நாலு மணி பஸ்ஸில் மேல் ஸ்டேஷனில் இறங்குவேன். முதலில் அப்பாவைப் போய்ப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் வண்டியை எடுப்பேன். உன்னோடு பேச எத்தனை நாள் ஆகும் என்று எனக்கே தெரியவில்லை, அவசரப்படுத்தாதே.

புதன்கிழமை உன் முறை. ஸ்டேஷனில் மற்ற வண்டிகளும் நிற்கும், எவெலியோ தன் வண்டியில் ஏறச் சொல்லிக் கூப்பிடுவார். நான் உன் வண்டியில்தான் ஏறுவேன். கீழே வரும்வரை பேச மாட்டேன். ஆனால் உன் வண்டியில்தான் ஏறுவேன்.

ஒவிதியோ